வருத்தப்படப் பழகியவள்

இதைச் சொல்லத் தொடங்கும்போதே ஒரு சந்தேகம் முன்னால் வந்து நிற்கிறது. நடந்தது நடந்தபடி நினைவில் இருக்கிறதா, இல்லை மாஸ்டர் திரும்பத் திரும்பச் சொல்லக் கேட்டு அவர் நினைவே என் நினைவாகிவிட்டதா? வாஷிங் மெஷின் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது நடந்தபோது மாஸ்டரின் பெண்ணுக்கு ஆறு வயதா ஏழு வயதா என்பதில் மாஸ்டருக்கும் அவர் மனைவிக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. அன்று அவள் சிரித்தாள் என்றுதான் மாஸ்டர் தன்னிடம் சொன்னார் என்கிறாள் மனைவி. சிரிக்கவே இல்லை, சிரித்திருந்தால் தேவலையே என்கிறார் மாஸ்டர். நான் மாஸ்டர் பக்கம். அதனாலேயே நான் சொல்வதில் எங்காவது ஒரு சாய்வு இருக்கும். அதைக் கழித்துக்கொண்டு கேளுங்கள்.

மாஸ்டர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். வெள்ளைக் கார், கூரைமேல் மஞ்சள் பலகை, நாலு பக்கமும் யார் யாரோ உரசிய தழும்பு. ஓட்டுகிறவர் காலடியில் இருப்பதுபோல் பக்கத்து இருக்கையில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவார்: "பயப்படாதீங்க. தப்புப் பண்ணத்தான் வந்திருக்கீங்க. நான் பக்கத்துலதான் இருக்கேன்." ஒரு பல் டாக்டர் அவரிடம் மாதக்கணக்கில் ஓட்டப் பழகினார். முன்னால் எறும்பு போனாலும் பிரேக்கை மிதிப்பார். "டாக்டர், பல்லைப் பிடுங்கறப்பவும் இப்படித்தான் பாதியில நிறுத்திடுவீங்களா?" என்று மாஸ்டர் கேட்டது அந்த வட்டாரமே சொல்லிச் சிரித்த கதை. அந்தப் பல் டாக்டரே முதல் தடவையில் தேறிவிட்டார். மாஸ்டரிடம் பழகியவர் தேர்வில் தோற்றதில்லை என்று பேர்.

அந்தப் பேருக்குப் பின்னால் ஒரு சூட்சுமம் இருந்தது. தேர்வு எடுக்கிற அதிகாரி எதைப் பார்ப்பார் என்று அவருக்குத் தெரியும். "கண்ணாடியைப் பார்த்தா மட்டும் போதாது. நீங்க பார்த்தது அவருக்குத் தெரியணும். கண்ணை மட்டும் ஓட்டினா அவருக்கு எப்படித் தெரியும்? தலை திரும்பணும்." கண்ணாடியில் ஒன்றும் புலப்படாவிட்டாலும் தலையைத் திருப்புகிறவனுக்கு மதிப்பெண். எல்லாம் கண்டும் தலையைத் திருப்பாதவனுக்குப் பூஜ்யம். பிறகு தெருவில் நாலு மாதம் ஓட்டினால் பார்வை தானாக வந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. பெரும்பாலும் வந்தும்விடும்.

மனைவிக்கு ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை. விடிவதற்கு முன்பே கம்பெனி வண்டி வந்து அழைத்துப் போய்விடும். அதனால் பிள்ளைகளை எழுப்பி, குளிப்பாட்டி, பள்ளிக்கு அனுப்புவது மாஸ்டரின் பாடு. இரண்டு பிள்ளைகள். மூத்தவள் பெண். அவளுக்கு மேனேஜர் என்று பட்டம். இளையவன் நாலு வருஷம் கழித்துப் பிறந்தவன். கன்னமும் தொடையுமாக இருந்ததால் உருண்டை.

மேனேஜர் என்ற பட்டத்தைக் கட்டியது மாஸ்டரின் மைத்துனன். லிஃப்ட் பழுது பார்க்கிறவன், வாயாடி. ஒரு நாள் கிரீஸ் கையோடு வீட்டுக்குள் வந்தவனை அந்தப் பெண் வாசலிலேயே நிறுத்தி, "செருப்பு அங்க. கை அங்க கழுவணும். அப்புறம் உள்ள வா" என்று சொல்ல, "அக்கா, உன் வயித்துல பிள்ளை பொறக்கல, மேனேஜர் பொறந்திருக்கு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். தடுப்பூசி போட்டால் அழமாட்டாள். விழுந்தால் அழமாட்டாள். மற்ற பிள்ளைகள் பள்ளி வாசலில் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு கதறும்போது, இவள் முதல் நாளே பையை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வகுப்புக்குள் போனாள். தாய்க்கும் தகப்பனுக்கும் பெருமை தாங்கவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இவர்களுடையதோ பார்க்கிற எல்லாருக்குமே பொன்னாகத் தெரிந்த குஞ்சு.

உருண்டைக்கு வாஷிங் மெஷின் என்றால் பயம். துணி பிழியும் கட்டம் வந்து அது குதிக்கத் தொடங்கினால் எங்கேயிருந்தாலும் ஓடிவந்து யார் மடியிலாவது முகத்தைப் புதைத்துக்கொள்வான். ஒரு விடுமுறை நாள் பகலில், இரண்டு பாடங்களுக்கு நடுவே தண்ணீர் குடிக்க வீட்டுக்கு வந்த மாஸ்டர், குளியலறைக் கதவு சாத்தியிருப்பதைப் பார்த்தார். உள்ளே மெஷின் அதிர்கிற சத்தம். திறந்தார். மெஷினின் மேல் உருண்டை உட்கார்ந்திருந்தான். இறங்க வழியில்லாத உயரம். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. எதிரே கவிழ்த்த வாளியின்மேல் மேனேஜர், கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு.

"என்னடி பண்றே?"

"பார்க்கறேன்."

"எதை?"

"முதல்ல கத்தினான். அப்புறம் விக்கினான். இப்ப வாய் மட்டும் தெறந்திருக்கு. அடுத்து என்ன வரும்னு பார்க்கறேன்."

மாஸ்டர் பையனைத் தூக்கிக்கொண்டு அவளை அறைந்தார். அதற்கு முன்பு அவர் அவளை அடித்ததில்லை. அவள் கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"எதுக்கு அடிச்சீங்க? அவன் கீழ விழலையே."

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கணக்கு இடிக்கிறது என்பதுபோல் கேட்டாள். மாஸ்டர் நெடுநேரம் பையனை மார்போடு அணைத்தபடி அந்த ஈரத் தரையில் நின்றார். பெட்ரோல் முள்ளைப் பார்க்கிற மாதிரி அவள் தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதை மனைவியிடம் சொல்லவில்லை. நடந்ததை மட்டும் சொன்னார். சொல்லும்போது குரலில் கொஞ்சம் சிரிப்பைக் கலந்துகொண்டார்.

அதற்குப் பிறகு தண்டனைகள். டிவி கிடையாது என்றால் ரிமோட்டை அவளே கொண்டுவந்து மேசைமேல் நேராக வைப்பாள். வெளியே விளையாடப் போகக்கூடாது என்றால் ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாள். தண்டனை முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். வகுப்பில் பொருள்கள் காணாமல் போகும். அவை வேறு யார் பையிலாவது கிடைக்கும். அந்தப் பிள்ளை அழும்போது மேனேஜர் பக்கத்தில் நின்று பார்ப்பாள். ஆசிரியைகளுக்கு அவளைப் பிடிக்கும். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், கேட்ட கேள்விக்கு நிமிர்ந்து பதில் சொல்வாள்.

ஒன்பது வயதில் ஒரு மதியம் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். மாஸ்டரும் மனைவியும் தலைமை ஆசிரியையின் எதிரே உட்கார்ந்தார்கள். இவள் வகுப்புப் பெண் ஒருத்தி மாடிப்படியில் விழுந்து மணிக்கட்டு உடைந்துவிட்டது. தானாக விழவில்லை.

"உங்க பொண்ணை நான்தான் விசாரிச்சேன் சார்," என்றார் தலைமை ஆசிரியை. மேசைமேல் இருந்த பேனா மூடியைத் திருகிக்கொண்டே பேசினார். "தள்ளினியான்னு கேட்டேன். ஆமான்னா. ஏன்னு கேட்டேன். அவ என் இடத்துல நின்னான்னா. அவளுக்கு வலிக்குமேன்னு தோணலையாம்மான்னு கேட்டேன். 'வலிக்கும், ஆனா அவளுக்குத்தானே'ன்னா." அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இருபது வருஷமா பிள்ளைங்களைப் பார்க்கறேன். அடிச்சிட்டுப் பொய் சொல்ற பிள்ளை உண்டு. பயந்து ஒளியற பிள்ளை உண்டு. இப்படி ஒரு பதிலை நான் கேட்டதில்ல."

குழந்தைகள் மருத்துவமனையில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார் என்றும், இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்றே பெற்றவர்களையும் சேர்த்து உட்காரவைத்து வாராவாரம் வகுப்பு நடத்துகிறார் என்றும் சொன்னார். இடம் குறைவு. பிள்ளையை ஒரு தடவை பார்த்துப் பேசிவிட்டுத்தான் எடுத்துக்கொள்வாராம். "நான் சொல்லி வைக்கறேன். போய்ப் பாருங்க. அவங்க என்ன சொல்றாங்கன்னு பார்த்துட்டு, அடுத்த வருஷம் இவளை இங்க வச்சுக்கறதைப் பத்தி யோசிப்போம்."

இத்தனை சொன்னதில் மாஸ்டரின் காதில் விழுந்தது கடைசி வாக்கியம் மட்டும். ஒருத்தர் பார்ப்பார். பார்த்துவிட்டுச் சொல்வார். சொல்வதை வைத்து முடிவாகும். அவருக்குத் தெரிந்த உலகத்தில் இதற்கு ஒரே பேர்தான்: தேர்வு.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சொன்னாள், "கூட்டிட்டுப் போவோம்ங்க. சேர்த்துக்கச் சொல்லிக் கெஞ்சுவோம்."

"கெஞ்சறதா? பைத்தியம்னு நெத்தியில முத்திரை குத்தி அனுப்புவாங்க. அப்புறம் எந்தப் பள்ளிக்கூடம் சேர்க்கும்? எவன் கட்டுவான்?"

"ஒன்பது வயசுப் பிள்ளைக்குக் கல்யாணத்தைப் பத்திப் பேசறீங்களே."

"நீதான் பெரிசு பண்றே. பிள்ளைங்கன்னா தள்ளத்தான் செய்யும்."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். உருண்டையின் சட்டை ஒன்றை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். "நான் வேலைக்குப் போறதுக்கு முன்னால அவன் தூங்கற ரூமைத் தினமும் வெளியே பூட்டிட்டுப் போறேன். சாவியை உங்க தலைமாட்டுல வைக்கறேன். எதுக்குன்னு நீங்க ஒரு நாளாவது கேட்டீங்களா?"

சாவியை அவர் தினமும் எடுத்துத் திறந்துகொண்டுதான் இருந்தார். பழைய கதவு, காற்றில் அடித்துக்கொள்கிறது என்று நினைத்திருந்தார்.   

ஞாயிற்றுக்கிழமை மேனேஜரைக் காரில் ஏற்றிக்கொண்டு, ஆள் இல்லாத பயிற்சி மைதானத்துக்குப் போனார். மனைவியிடம் சொல்லவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு, நடுக்கண்ணாடியை அவள் முகம் தெரிகிற மாதிரி சாய்த்தார்.

"ஒரு டாக்டர் ஆன்ட்டி உன்கிட்டப் பேசுவாங்க. படிக்கட்டுல நடந்ததைக் கேப்பாங்க. என்ன சொல்லுவே?"

"தள்ளினேன்னு."

"அங்கேருந்து ஆரம்பிக்கக்கூடாது. நீ பண்ணினதை முதல்ல சொல்லாதே. அவளுக்கு என்ன ஆச்சுன்னு முதல்ல சொல்லு. 'அவளுக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்'னு ஆரம்பி. சொல்றதுக்கு முன்னாடி தலையைக் குனி. ஒரு மூச்சு விடற நேரம் சும்மா இரு. அப்புறம் நிமிரு. மேட்டுல ஏறறப்ப கியரை இறக்கறோம் இல்ல, அந்த மாதிரி குரலை இறக்கு."

"அவளுக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்."

"வேகம். மறுபடி."

மதியம் வரை பழகினார்கள். மாஸ்டர் நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர். இவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்ட ஆளைப் பார்த்ததில்லை. ஒரு தடவை சொன்னால் போதும். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே உதடு கோண வேண்டும் என்று கண்ணாடியைப் பார்த்து அவளே திருத்திக்கொண்டாள். கடைசியாக ஒரு முறை சொன்னபோது கண்ணில் ஈரமே தெரிந்தது. மாஸ்டருக்கு மெய்சிலிர்த்தது. வெட்கம்கெட்ட பெருமை அது, இப்போதும் அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது என்பார்.

அப்போதுதான் அவள் கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பி அவரைக் கேட்டாள்.

"அப்பா, மத்தவங்களுக்கு நிஜமாவே இப்படி இருக்குமா?"

"எப்படி?"

"யாராவது அழுதா உள்ள என்னமோ பண்ணும்னு எல்லாரும் சொல்றாங்களே. எனக்கு ஒண்ணும் பண்ணல. அது எங்க வரணும்? வயித்துலயா, இங்கயா?" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

இதை அவள் குனியாமல், மூச்சு விடாமல், குரலை இறக்காமல் கேட்டாள். காரில் வெயில் ஏறியிருந்தது. மைதானத்துக்கு வெளியே ஒரு லாரி பின்னோக்கி வருகிற மணிச்சத்தம்.  அவளை இழுத்து மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று மாஸ்டருக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் தேர்வுக்கு முந்தின நாள் "எனக்கு ஒண்ணும் தெரியலையே மாஸ்டர்" என்று கையைப் பிசைகிறவர்களிடம் என்ன சொல்லிப் பழகியிருந்தாரோ அதுவே வாயில் வந்தது.

"அது போகப் போகத் தானா வரும். இப்ப நான் சொன்னதைச் செய். தலை திரும்பணும், அவ்வளவுதான்."

"சரி," என்றாள். மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவள் யாரிடமும் கேட்கவில்லை.

டாக்டரம்மாவின் அறையில் மேசை இல்லை. தாழ்வான நாற்காலிகள், ஒரு பெட்டி நிறைய மரக்கட்டைகள். ஐம்பது வயதிருக்கும், குட்டையாக வெட்டிய நரைமுடி. மேனேஜரோடு சேர்ந்து கட்டைகளை அடுக்கிக்கொண்டே என்னென்னவோ கேட்டார். பிறகு படிக்கட்டு.

மேனேஜர் கையிலிருந்த கட்டையை வைத்தாள். குனிந்தாள். ஒரு மூச்சு.

"அவளுக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்... ராத்திரி தூங்கறப்ப அதையே நினைச்சுக்கறேன். நான் அவளைத் தள்ளியிருக்கக்கூடாது."

ராத்திரி என்பது அவளாகச் சேர்த்துக்கொண்டது. மாஸ்டர் சொல்லிக்கொடுத்ததில் அது இல்லை.

டாக்டரம்மா அடுக்கிய கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பிள்ளையைப் பக்கத்து அறையில் விளையாட அனுப்பிவிட்டுப் பெற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"ரொம்ப நல்லாச் சொன்னா. பள்ளிக்கூடத்துல சொன்ன பிள்ளையும் இதுவும் ஒண்ணுதானான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. வீட்டுல ஏதாவது சொல்லிக் குடுத்தீங்களா? குத்தம் கண்டுபிடிக்கக் கேக்கல. நிறைய பேர் பண்றதுதான்."

 டாக்டரம்மாவே தொடர்ந்தார். "இங்க நாங்க வருத்தப்படச் சொல்லிக் குடுக்கறதில்ல. அது சொல்லிக் குடுத்து வராது. சில பிள்ளைங்களுக்கு அடுத்தவங்க பயம், வலி எதுவும் உள்ள போய்த் தைக்காது. அடி, தண்டனையும் ஏறாது. அந்தப் பிள்ளைங்ககிட்டக் கோபப்படாம, கூடவே உட்கார்ந்து, ஒரு சின்ன நல்லது செஞ்சாலும் அப்பவே கையைப் பிடிச்சுப் பாராட்டி... வருஷக்கணக்கா பண்ணணும் சார். சீக்கிரம் ஆரம்பிச்சா சில பேருக்கு நல்லா வருது. எல்லாருக்கும்னு சொல்லமாட்டேன். ஆனா நிஜமா இருக்கறதை நான் பார்த்தாத்தான் ஆரம்பிக்க முடியும். அதனால கேக்கறேன். சொல்லிக் குடுத்தீங்களா?"

பக்கத்து அறைக்கும் இந்த அறைக்கும் நடுவே கண்ணாடிச் சுவர். அதன் வழியே மேனேஜர் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்காது. ஆனால் என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்த பார்வை. மாஸ்டரின் மனைவி கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினாள். திறந்து மூடினாள்.

"இல்லைங்க," என்றார் மாஸ்டர். "அவளா சொன்னதுதான்."

 டாக்டரம்மா மாஸ்டரின் மனைவியைப் பார்த்தார். மனைவி கொக்கியைப் பார்த்தாள்.

"அப்ப இவளுக்கு இந்த இடம் தேவையில்ல. இவ்வளவு உணர்ற பிள்ளைக்கு நான் செய்யறதுக்கு ஒண்ணுமில்ல. வெளிய காத்திட்டிருக்கறவங்க நிறையப் பேர்." எழுந்துகொண்டார். "ஏதாவது மாறினா வாங்க. சீக்கிரமா வாங்க."

திரும்பி வரும் வழியில் பின் இருக்கையிலிருந்து மேனேஜர் கேட்டாள், "அப்பா, பாஸா?"

"பாஸ்டி கண்ணு."

"அப்ப ஐஸ்கிரீம்."

வாங்கிக் கொடுத்தார். மனைவி வேண்டாம் என்றுவிட்டாள். வீட்டு வாசலில் இறங்கும்போது அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அது நீங்க சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்த அம்மா என்னைப் பார்த்தப்ப நான் வாயைத் தெறந்திருக்கணும். கட்டினவரைப் பொய்யர்னு நாலு பேர் முன்னால எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டேன்."

பிறகு அந்த வீட்டில் மன்னிப்புக்குப் பஞ்சமில்லை. பால் கொட்டினால் மன்னிப்பு, தம்பியின் பொம்மை ஜன்னல் வழியே போனால் மன்னிப்பு. குனிதல், ஒரு மூச்சு, நிமிர்தல். "அவனுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்." பள்ளியில் அவளை வகுப்புத் தலைவி ஆக்கினார்கள். மைத்துனன்கூட, "மேனேஜருக்குப் பிரமோஷன், மாமா! இனிமே நமக்கெல்லாம் சம்பள உயர்வு உண்டா இல்லையா?" என்று கிண்டல் செய்தான். உருண்டை மட்டும் மெலிந்துகொண்டே வந்தான். யார் எதைக் கேட்டாலும் முதலில் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வான். முன்பெல்லாம் ஓடிவந்து மடியில் முகத்தைப் புதைப்பவன், இப்போது பயந்தால் அப்படியே நின்றுவிடுவான்.

அவர்கள் இருந்த கட்டடத்தில் படிக்கட்டுக்கு ஒரு இரும்புக் கதவு உண்டு. தீப்பிடித்தால் தடுப்பதற்காக வைத்தது. விட்டால் தானாகப் போய் அறைந்துகொள்கிற கனமான கதவு. உருண்டைக்கு ஏழு வயது நடந்த ஒரு சனிக்கிழமை காலை, மாஸ்டர் கீழே காருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது அந்தக் கதவு அறைகிற சத்தம் கேட்டது. தினமும் கேட்கிற சத்தம்தான். அதனால் நிமிரவில்லை. பின்னாலேயே வந்த அலறலுக்குத்தான் ஓடினார்.

மேனேஜர் தம்பியின் வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். துண்டைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தாள். அதைச் சரியாகவே செய்திருந்தாள் என்று டாக்டர்கள் பிறகு பாராட்டினார்கள். கதவின் கீல் பக்க இடுக்கில் விரல்களை வைக்கச் சொன்னது யார் என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை.

மருத்துவமனையில் ஒரு நர்ஸ் அவள் முன்னால் மண்டியிட்டு, "என்னம்மா ஆச்சு? பயப்படாம சொல்லு" என்றாள்.

மேனேஜர் தலையைக் குனிந்தாள். ஒரு மூச்சு விடுகிற நேரம் சும்மா இருந்தாள். நிமிர்ந்தாள்.

"அவனுக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்..." குரல் மேடேறும் வண்டிபோல் இறங்கியது. "எனக்கு வலிச்சிருக்கக்கூடாதா?"

நர்ஸ் அவளை அள்ளி அணைத்துக்கொண்டாள். "பாவம், குழந்தை எப்படித் துடிக்குது பாருங்க" என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். நர்ஸின் தோளுக்கு மேலாக மேனேஜர் அப்பாவைப் பார்த்தாள். புருவத்தை லேசாக உயர்த்தினாள். ஒவ்வொரு திருப்பம் முடிந்ததும் கற்றுக்கொள்கிறவர்கள் அவர் பக்கம் திரும்பி, "சரியா மாஸ்டர்?" என்று பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

இரண்டு விரல்களைக் காப்பாற்ற முடியவில்லை.

மறுநாள் உருண்டை அம்மாவிடம் சொன்னான்: "கையை வச்சா நான் பெரிய ஆளாம். வைக்கலைன்னா குட்டிப் பாப்பாவாம். அக்கா ஒண்ணு ரெண்டு எண்ணிட்டு விட்டுட்டா." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அக்காவைத் திட்டாதீங்கம்மா. அவ அப்பவே சாரி சொல்லிட்டா" என்றான்.

அந்த வாரமே மாஸ்டரும் மனைவியும் டாக்டரம்மாவிடம் போனார்கள். இந்தத் தடவை மாஸ்டர் எல்லாவற்றையும் சொன்னார். மைதானம், கண்ணாடி, கியர் இறக்குகிற குரல், தான் சொன்ன பொய். டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேனேஜரைச் சேர்த்துக்கொண்டார்.

ஒரு வருஷத்துக்கும் மேல் போனார்கள். ஒரு வாரம்கூடத் தவறவில்லை. மேனேஜருக்கு அங்கே எல்லாம் தெரிந்திருந்தது. எதற்கு என்ன பதில் எதிர்பார்க்கிறார்கள் என்பதைக் கேள்வி முடிவதற்குள் முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவாள். பயிற்சிக்கு வந்திருந்த இளம் டாக்டர் ஒருத்தி அவள் பேசியதைக் கேட்டு வெளியே போய் அழுதுவிட்டு வந்தாள். வீட்டில் பாராட்டினால் பாராட்டுக்கேற்ற சிரிப்பு. அணைத்தால் அணைப்புக்கேற்ற இறுக்கம். உருண்டையின் ரூமுக்கு மட்டும் இப்போது பூட்டு மாற்றியிருந்தார்கள்.

கடைசியில் ஒரு நாள் டாக்டரம்மா மாஸ்டரைத் தனியாக உட்காரவைத்தார்.

"எது அவளோடது, எது நீங்க சொல்லிக் குடுத்ததுலேருந்து வளர்ந்ததுன்னு என்னால பிரிக்க முடியல சார். இத்தனை மாசத்துல 'எனக்குத் தெரியல'ன்னு அவ வாயால ஒரு தடவை கேட்டுடணும்னு காத்திட்டிருந்தேன். 'எனக்கு ஒண்ணும் தோணல'ன்னு ஒரு தடவை. அங்கேருந்து எதையாவது பிடிச்சு ஏறலாம். அவ சொல்லவே மாட்டேங்கறா."

மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "என்கிட்ட ஒரு தடவை கேட்டா."

"என்ன கேட்டா?"

சொன்னார். வயித்துலயா, இங்கயா என்று அவள் நெஞ்சைத் தொட்டதையும் சொன்னார். எல்லாவற்றையும் சொன்ன அன்று இதை மட்டும் விட்டிருந்தார். எப்படி விட்டுப்போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. தான் என்ன பதில் சொன்னார் என்பதையும் சொன்னார்.

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வெளியே தாழ்வாரத்தில் யாரோ தள்ளுவண்டியில் பாத்திரங்களைத் தள்ளிக்கொண்டு போனார்கள். 

"அந்தக் கேள்வியோட அவளை அன்னிக்கு இங்க கூட்டிட்டு வந்திருந்தீங்கன்னா..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. முடித்து என்ன ஆகப்போகிறது. "வந்திருந்தாலும் உறுதின்னு ஒண்ணும் இல்ல சார்," என்றார் பிறகு. ஆறுதலாகச் சொன்னாரா உண்மையாகச் சொன்னாரா என்று மாஸ்டருக்குப் புரியவில்லை. அவர் பிடித்துத் தொங்கிய கடைசிக் கயிறும் அதுதான்: வந்திருந்தாலும். அது அவரைத் தாங்கவும் இல்லை, கீழே விடவும் இல்லை.

மேனேஜர் பதினாறாவது வயதில், கூடவே இருந்து பார்த்துக்கொள்வதாகச் சேர்ந்த வீட்டில் நடக்க முடியாத ஒரு வயதான அம்மாளைக் குளிர்காலத்தில் பால்கனியில் விட்டுப் பூட்டியதற்காகச் சிறார் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பப்பட்டாள். செய்ததற்கு ஆழ்ந்து வருந்துகிறாள் என்று அங்கிருந்தவர்கள் எழுதிக் கொடுத்ததால் தண்டனைக் காலம் முடிவதற்கு முன்பே வெளியே வந்தாள். இருபத்திரண்டில் தன்னோடு தங்கியிருந்த ஒரு பெண்ணைக் கொன்றாள். இப்போது சிறையில் இருக்கிறாள். சிறை நூலகத்தைக் கவனித்துக்கொள்கிறாள், அங்கேயும் எல்லாருக்கும் அவளைப் பிடிக்கும். அந்த வயதான அம்மாள் பால்கனிக் குளிரில் நிமோனியா கண்டு ஒரு மாதத்தில் இறந்துபோனார். படிக்கட்டில் விழுந்த வகுப்புப் பெண்ணின் மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகக் கூடியது. அவள் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள். டாக்டரம்மா ஓய்வு பெற்றுவிட்டார், அவர் நடத்திய வகுப்பு ஆள் போதாமல் நின்றுபோயிற்று. உருண்டை இடது கையால் எழுதப் பழகி, படித்து, வேறு ஊருக்குப் போய்விட்டான். அக்காவைப் பற்றி அவன் மனைவிக்குத் தெரியாது. அம்மா அவனோடுதான் இருக்கிறாள், மாஸ்டரிடம் பேசுவதில்லை. மைத்துனன் எப்போதாவது வந்து போவான், வந்தால் அவனும் அதிகம் பேசுவதில்லை. மாஸ்டர் காரை விற்றுவிட்டார். மாதம் ஒரு முறை சிறைக்குப் போகிறார். அவள் தலையைக் குனிந்து, ஒரு மூச்சு விட்டு, நிமிர்ந்து, "உடம்பு எப்படிப்பா இருக்கு?" என்று கேட்கிறாள். நல்லா இருக்கேன் என்று அவர் சொல்கிறார்.